கன்ஃபியூஸுக்கும் ஃபியூஸுக்கும் என்ன உறவு?

ஜூன் 4, காலை 9.10 (கேள்வி கேட்டவர்)

எங்கள் பள்ளியில் ஆங்கிலம் எடுத்த வாத்தியார் சொன்னது இது. மூளைக்குள் ஃபியூஸ் போய்விட்டால் மனிதன் கன்ஃபியூஸ் ஆகிறான், அதனால்தான் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஃபியூஸ் உட்கார்ந்திருக்கிறது. நானும் இதை வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். நேற்று என் மகள் "சும்மா கதை விடாதீங்கப்பா" என்கிறாள். கன்ஃபியூஸும் கன்ஃபவுண்டும் ஒன்றுதானா என்றும் கேட்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மானப் பிரச்சினை.

ஜூன் 4, இரவு 10.40 (பதில் எழுதுபவர்)

காலக்கணக்கு உதைக்கிறது. மனம் தடுமாறிய நிலைக்குக் 'கன்ஃபியூஸ்டு' என்ற சொல் ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. மின்சாரக் கம்பிக்கு ஃபியூஸ் போட ஆரம்பித்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். பேரன் பெயரைத் தாத்தாவுக்கு வைக்க முடியாது.

ஆனால் வாத்தியாரை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். இரண்டு சொல்லுக்கும் நிஜமாகவே ரத்த உறவு உண்டு. நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

ஜூன் 5, மாலை 6.25

லத்தீனில் 'ஃபுந்தெரே' என்று ஒரு வினைச்சொல். ஊற்று, உருக்கி வார் என்று அர்த்தம். முன்னால் 'கோன்' சேர்த்தால் 'கோன்ஃபுந்தெரே', அதாவது ஒன்றாகச் சேர்த்து ஊற்றிவிடு. அப்படி ஊற்றப்பட்டது 'கோன்ஃபூசுஸ்'. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்துக்கு வந்து 'கன்ஃபியூஸ்டு' ஆனது. மெயின் போர்டில் இருக்கிற ஃபியூஸும் அதே ஃபுந்தெரேதான், 'உருகுவது' என்கிற பக்கத்திலிருந்து வந்தது. கரண்ட் அளவுக்கு மீறி ஓடினால் உருகி அறுந்துபோகிற கம்பி. ஆக, ஒன்றிலிருந்து இன்னொன்று வரவில்லை. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், பிறந்த தேதியில்தான் சில நூற்றாண்டு வித்தியாசம்.

எனக்கு இதில் தனி ருசி உண்டு. நான் கோயம்புத்தூர்க்காரன். அப்பா ஃபவுண்டரியில் (இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறை) மோல்டர், அதாவது மணலில் அச்சு செய்கிறவர், நானும் படிப்பு முடித்த கையோடு அங்கேதான் போனேன். 'ஃபவுண்டரி' என்ற சொல்லும் இந்த ஃபுந்தெரேயின் வாரிசு. அதனால் 'சேர்த்து ஊற்றுவது' என்று அகராதியில் படித்தபோது, எனக்கு அது வெறும் அர்த்தமாகத் தெரியவில்லை.

பெரிய காஸ்டிங் (வார்ப்பு) என்றால் ஒரு லேடில், அதாவது உருகிய இரும்பை ஏந்தி ஊற்றுகிற பாத்திரம், இரும்பு பத்தாது. மோல்டுக்கு இந்தப் பக்கம் ஒரு லேடில், அந்தப் பக்கம் ஒரு லேடில். இரண்டு பேரும் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் சாய்க்க வேண்டும். ஒருவர் தயங்கினாலோ, இரும்பு சூடு குறைந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் ஓடிவருகிற உலோகம் நடுவில் வந்து முட்டும், ஆனால் கலக்காது. ஆறின பிறகு மோல்டை உடைத்து மணலைத் தட்டிப் பார்த்தால் மேலே மெல்லிசாக ஒரு கோடு ஓடும், கோட்டின் இரண்டு ஓரமும் உருண்டு மழுங்கியிருக்கும். கோல்டு ஷட் என்போம். வெளிப்பார்வைக்குச் சின்னக் கோடுதான். உள்ளே பாதிக் கனத்துக்குப் போயிருக்கும். பீஸ் ரிஜெக்ட், திரும்பவும் உருக்குகிற உலைக்கு, கியூபோலாவுக்குத்தான்.

கன்ஃபியூஸ் என்பது இதற்கு நேர் எதிர். இரண்டு லேடில் இரும்பும் நன்றாகக் கலந்து, எது எந்த லேடிலில் இருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாத நிலை. ஃபவுண்டரியில் அதற்குப் பெயர் நல்ல காஸ்டிங். அதே சமாச்சாரம் மண்டைக்குள் நடந்தால் கெட்ட பெயர் வாங்குகிறது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் யார் யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ரீஃபண்ட் என்றால் திருப்பி ஊற்றுவது (ஆன்லைனில் வாங்கிய சட்டைக்கு மூன்று வாரமாக யாரும் ஊற்றக் காணோம்). ரத்தம் ஏற்றுகிற டிரான்ஸ்ஃபியூஷன். எண்ணெய் ஊற்றுகிற ஃபனல். கம்ப்யூட்டரில் நாம் மாற்றி மாற்றிப் பார்க்கிற ஃபான்ட்கூட இதே வீடுதான். ஈய எழுத்துகளை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த காலத்து அச்சுத் தொழிலிலிருந்து மிஞ்சிய பெயர் அது.

ஜூன் 5, இரவு 9.50

வெடிக்கு வைக்கிற ஃபியூஸும் இதுதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேற வீடு. நூல் நூற்கிற கதிருக்கு லத்தீனில் 'ஃபூசுஸ்', இத்தாலியனில் 'ஃபுசோ'. வெடிமருந்து அடைத்த குழல் கதிர் வடிவத்தில் இருந்ததால் அந்தப் பெயர். ஆக, மின்சார ஃபியூஸ் ஃபவுண்டரியிலிருந்து வந்தது, வெடி ஃபியூஸ் ஸ்பின்னிங் மில்லிலிருந்து வந்தது. இரண்டும் எங்கள் ஊர்த் தொழில் என்று சொல்லிக்கொண்டு தூங்கப் போகிறேன்.

ஜூன் 7, காலை 7.15

கேள்வியின் இன்னொரு பாதியை யாரும் தொடவில்லை. கன்ஃபியூஸ், கன்ஃபவுண்ட் இரண்டும் ஒன்றா?

வேர் ஒன்றுதான், வந்த வழி வேறு. கோன்ஃபுந்தெரே என்ற வினை பிரெஞ்சு வழியாக 'கன்ஃபவுண்ட்' ஆனது. அதன் எச்ச வடிவமான 'கோன்ஃபூசுஸ்', 'கன்ஃபியூஸ்டு' ஆனது. ரொம்ப காலத்துக்கு ஆங்கிலேயர்கள் இரண்டையும் வேலை பிரித்து வைத்திருந்தார்கள். மனிதனை நிலைகுலையச் செய்வது கன்ஃபவுண்ட். நிலைகுலைந்து நிற்பது கன்ஃபியூஸ்டு. 'கன்ஃபியூஸ்' என்ற செய்வினை, பொருள்களைக் கலந்துவிடுவது என்ற அளவில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் எட்டிப் பார்க்கிறது. 'என்னைக் கன்ஃபியூஸ் பண்ணாதே' என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற அந்தப் பிரயோகம் ஆங்கிலத்தில் தாராளமாகப் புழங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதாவது, குழம்பியவன் வந்து ஐந்நூறு வருடம் கழித்துத்தான் குழப்புகிறவன் சரியாக வந்து சேர்கிறான்.

கன்ஃபவுண்டுக்கு அந்தக் காலத்தில் இருந்த கனம் இப்போது இல்லை. தோற்கடி, நாசமாக்கு, தலைகுனிய வை என்கிற அளவுக்குக் கடுமையான சொல். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் இரண்டாம் சரணத்தில் எதிரிகளின் அரசியலைக் கன்ஃபவுண்ட் செய்யும்படி கடவுளிடம் வேண்டுகிறார்கள். 'அவர்களுக்குப் புரியாமல் போகட்டும்' என்ற வேண்டுதல் இல்லை அது, 'நாசமாய்ப் போகட்டும்' என்பது. பழைய கதைகளில் கிழட்டு மேஜர்கள் கோபம் வந்தால் 'கன்ஃபவுண்ட் இட்' என்று கத்துவதும் இந்தச் சாபத்தின் மிச்சம்தான்.

சர்ச்சுக்குப் போகிற நண்பர் ஒருவர் நல்ல சான்று ஒன்று எடுத்துக் கொடுத்தார். 71ஆம் சங்கீதம், முதல் வசனம். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில், நான் ஒருபோதும் கன்ஃபியூஷனுக்கு ஆளாகாதிருக்கட்டும் என்று இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அதே இடம்: "நான் ஒருக்காலும் வெட்கம் அடையாதபடி செய்யும்." குழப்பம் என்ற பேச்சே இல்லை, வெட்கம். பாபேல் கோபுரக் கதையில் ஆண்டவர் பாஷையைக் கன்ஃபவுண்ட் செய்கிற இடத்தில் தமிழ் 'தாறுமாறாக்குவோம்' என்கிறது. கலந்துவிடுவது ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே லத்தீன் சொல்லுக்குள் இருந்தவை.

ஜூன் 8, மதியம் 1.05

குழம்பு, குழப்பம் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தெரியும் சாமி. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், இன்றைக்கு ரசம்தான்.

ஜூன் 11, இரவு 11.20

இந்தச் சொல்லோடு எனக்கு நேரடிக் கணக்கு ஒன்று உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு எண்பது வயதை ஒட்டி ஒரு நாள் பேச்சு நூல் அறுந்த மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலின் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டில் 'கான்ஷியஸ், கன்ஃபியூஸ்டு' என்று எழுதியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. முப்பது நாற்பது பேரை வேலை வாங்கிய மனிதனை இப்படியா எழுதுவார்கள் என்று நைட் டியூட்டி டாக்டரிடம் போய் நின்றேன். சின்னப் பையன். கோபப்படாமல் நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னான். "சார், அது திட்டு இல்லை, மார்க்கு."

நிஜமாகவே மார்க்குதான். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு நரம்பியல் அறுவை நிபுணர்கள் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. பேச்சில் முழு 5 வாங்க, தான் யார், எங்கே இருக்கிறோம், இது என்ன மாதம், என்ன வருடம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். வாக்கியமாகப் பேசுகிறார், ஆனால் இடமும் காலமும் தப்பாகிறது என்றால் 4. அந்த 4-க்குத்தான் 'கன்ஃபியூஸ்டு' என்று பெயர். அதற்குக் கீழே சம்பந்தமில்லாத தனி வார்த்தைகள் 3, வெறும் சத்தம் 2, ஒன்றுமே இல்லை என்றால் 1. அப்பாவுக்கு மொத்தம் 14.

காலையில் நர்ஸம்மா கேட்டபோது பக்கத்தில் இருந்தேன். மாதத்தைச் சரியாகச் சொன்னார். வருடம் கேட்டதற்கு அந்தம்மாவையே திருப்பிக் கேட்டார், "ஏம்மா, உனக்குத் தெரியாதா?" இது என்ன இடம் என்றதற்கு, "மோல்டிங் ஷெட்." அப்புறம் குளுக்கோஸ் ஸ்டாண்டைக் காட்டி, "இதை யாரு இங்க வெச்சது? லேடில் வர்ற வழிப்பா." எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

காரணம் சோடியம். ரத்தத்தில் 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டியது, அவருக்கு 120-க்குக் கீழே இறங்கியிருந்தது. பிரஷர் மாத்திரையில் ஒன்று நீரோடு உப்பையும் வெளியேற்றுகிற வகை, வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறதாம். உடனே ஏற்றிவிடுங்கள் என்றேன். கூடாதாம். வேகமாக ஏற்றினால் மூளைத்தண்டு நரம்புகளின் மேலுறை கெட்டுப்போகும், அளந்து அளந்துதான் ஏற்ற வேண்டும். தேறினார். இடம், காலம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. லேடில் கதையைச் சொன்னால் அவர் நம்பவே இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இன்னொரு சொல், 'டெலிரியம்', திடீரென்று வருகிற புத்தித் தடுமாற்றம். வீட்டுக்கு வந்து தேடினேன். லத்தீனில் 'லிரா' என்றால் உழவில் விழுகிற சால் வரிசை. 'டே லிரா', சாலை விட்டு விலகுவது. ஏரோட்டத் தெரிந்த யாரோ ஒருவன்தான் இதைச் சொல்லியிருக்க முடியும். அகராதியில் நான் பார்த்ததிலேயே நேர்மையான சொல் என்று இதைத்தான் சொல்வேன். பைத்தியம், பேய் என்றெல்லாம் போகாமல், நேராகப் போன ஏர் கொஞ்சம் விலகிவிட்டது என்று மட்டும் சொல்கிறது.

ஜூன் 12, காலை 8.00

அப்பாவைப் பற்றி விசாரித்தவர்களுக்கு நன்றி. அதற்குப் பிறகு நன்றாகவே இருந்தார்.

7ஆம் தேதி எழுதிய விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும் போலிருக்கிறது. வெட்கம் என்ற அர்த்தம் பைபிளோடு முடிந்துவிடவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் ஒரு பெண் முகம் சிவந்து 'கன்ஃபியூஷனில்' அறையை விட்டுப் போகிறாள் என்று வரும். கல்லூரியில் படித்தபோது, இந்தப் பெண்ணுக்கு என்ன புரியவில்லை என்று நான் யோசித்ததுண்டு. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதனால்தான் சிவக்கிறாள். அங்கே கன்ஃபியூஷன் என்றால் கூச்சம், சங்கடம்.

இன்னொன்று. குழம்பியவன் முதலில், குழப்புகிறவன் பிறகு என்று சொன்னேன் அல்லவா? அது இந்த ஒரு சொல்லின் கதை மட்டும் இல்லை. 'மேஸ்' என்கிறோமே, நுழைந்தால் வெளியே வரத் தெரியாத செடிவேலிப் பாதை, லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் 1690-களில் நட்டது இன்னும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு 1300 வாக்கில் பாதை என்ற அர்த்தமே கிடையாது. மதிமயக்கம், திகைப்பு, அவ்வளவுதான். 'அமேஸ்' அதன் உடன்பிறப்பு. சுற்றிச் சுற்றி வருகிற பாதைக்கு அந்தப் பெயர் வந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில். உள்ளே போனவன் விழித்த விழியைப் பார்த்துப் பாதைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

'பசில்' (புதிர்) இன்னும் சுவாரசியம். எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே கையை விரிக்கிறார்கள். ஆனால் வரிசை தெரியும். 1590-களில் வினைச்சொல். 1600-ஐ ஒட்டி 'அவன் ஒரு பசிலில் இருக்கிறான்' என்று மனநிலைக்குப் பெயர். விடை தேட வேண்டிய கேள்வி என்ற அர்த்தம் அதற்கும் பிறகு. விளையாட்டுச் சாமான் என்ற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டில். இத்தனைக்கும் 1760-களிலேயே லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற படம் செதுக்குகிறவர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோட்டோடு அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிக்க விற்றுக்கொண்டிருந்தார். அப்போது அதன் பெயர் வெட்டிய தேசப்படம், பசில் இல்லை.

ஜூன் 13, இரவு 8.30

மைக்செட் வைத்திருக்கிற ஒருவர் மறுப்பு தெரிவிக்கிறார். ஸ்பீக்கர் பெட்டிக்குள் போடுகிற பேஃபில் பலகை என்ன ஆயிற்று, அங்கே சாமான்தானே முதலில் என்கிறார்.

இல்லீங்க, அங்கே முதலில் வந்தவன் ஒரு மானங்கெட்ட வீரன். 16ஆம் நூற்றாண்டில் 'பேஃபில்' என்றால் சொன்ன சொல் தவறிய நைட் (அரசனிடம் பட்டம் பெற்ற வீரன்) ஒருவனை ஊரறிய அவமானப்படுத்துவது. அவனைப் போல ஒரு உருவம் வரைந்து, கால் மேலே தலை கீழே என்று தொங்கவிடுவார்கள். ஸ்காட்லாந்து வழக்கம் என்று எட்வர்ட் ஹால் என்பவரின் 1548 வரலாற்று நூலில் வருகிறது. பிறகு ஏமாற்று, திகைக்க வை என்று நீர்த்துப்போய், ஓடுவதைத் தடுத்துத் திருப்புகிற தகடு என்று 19ஆம் நூற்றாண்டில் பாய்லருக்கும், அப்புறம் உங்கள் ஸ்பீக்கருக்கும் வந்தது. ஸ்பீக்கர் கூம்பின் பின்பக்கத்து அலை முன்பக்கம் வந்து கெடுக்காமல் தடுத்துத் திருப்புகிற வேலை, பெயர் பொருத்தம்தான்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தச் சொல்லில் செய்கிறவன் முதலில் வந்துவிட்டான். 12ஆம் தேதி சொன்னதை எல்லாவற்றுக்கும் பொதுவிதி ஆக்க வேண்டாம். அங்கேயும் முதலில் அவமானம், பிறகு குழப்பம் என்பதை மட்டும் கவனியுங்கள். கன்ஃபவுண்டும் இதே படிக்கட்டில்தான் இறங்கி வந்தது.

ஜூன் 15, மாலை 5.40

ஞாயிற்றுக்கிழமை, சாவகாசமாக எழுதலாம்.

பிசியோதெரபி படிக்கிற தம்பி 'பர்ப்ளெக்ஸ்' (திகைக்க வைப்பது) கேட்டிருந்தார். உங்களுக்குத் தெரிந்த சொல்தான் தம்பி. கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புக் கூட்டத்துக்குப் பிரேக்கியல் பிளெக்சஸ் என்று படித்திருப்பீர்களே. பின்னுவது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த பிளெக்சஸ்தான் இரண்டிலும். பர்ப்ளெக்ஸ், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டது. படம் வரையச் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

'பிவில்டர்' காட்டில் வழி தவறுவது. 17ஆம் நூற்றாண்டுச் சொல். நம் வேதாகமத்தில் வனாந்தரம் என்று வருகிற வில்டர்னஸ் இருக்கிறதே, அதிலிருந்து உருவி எடுத்ததாகவே பலரும் சொல்கிறார்கள். வில்டர்னஸுக்குள் ஒரு மான் ஒளிந்திருக்கிறது. காட்டு 'தேயோர்' வாழும் இடம் என்பது மூலம். தேயோர்தான் இன்றைய டியர், அதாவது மான். ஆனால் அந்தக் காலத்தில் அது எந்த விலங்குக்கும் பொதுப்பெயர், எலிக்குக்கூட.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது 'ஆடில்'. புத்தி குழம்பினால் தலை ஆடில் ஆகிவிட்டது, ஆடில் மண்டை என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் 'அடெலா' என்றால் சாக்கடை நீர், மூத்திரம். ஆடில் முட்டை என்றால் குஞ்சு பொரிக்காமல் கெட்ட முட்டை. ஏன் முட்டையில் மூத்திரம்? கிரேக்கத்தில் பொரிக்காத முட்டைக்குக் 'காற்று முட்டை' என்று பெயர், 'ஊரியோன்'. அதை லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் காது குழம்பி 'ஊரின்' முட்டை ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலேயன் அந்தத் தப்பை நம்பிக்கையோடு தன் மொழிக்கு மாற்றிக்கொண்டான். குழப்பத்தைக் குறிக்கிற சொல்லே ஒரு குழப்பத்தில் பிறந்தது.

நம் ஊரில் கூமுட்டை. என் பெரியம்மா அடைகாக்கிற கோழிக்கு அடியில் கை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, காதோரம் வைத்து மெதுவாக ஆட்டிப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டால் கூமுட்டை. அதைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பார், பரீட்சை மார்க் வந்திருக்கிற சமயமாக இருந்தால். லத்தீன், கிரேக்கம் எதுவும் தெரியாமல் அவரும் வந்து சேர்ந்தது அதே மண்டைக்குத்தான்.

ஜூன் 16, காலை 6.50

'பிமியூஸ்டு' என்றால் லேசாகச் சிரிப்பு வருவது என்று அடித்துச் சொல்கிறார் ஒருவர். வேடிக்கையை ரசிக்கிற 'அமியூஸ்டு' காதில் விழுகிற தோஷம். பழைய அர்த்தம் மப்பில் இருப்பது மாதிரி மந்தமாக, எதையோ யோசித்தபடி இருப்பது. 1735-இல் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர் பீரில் பிமியூஸ்டு ஆன ஒரு பாதிரியாரைக் கிண்டல் செய்திருக்கிறார், இந்தச் சொல்லுக்கு ஆரம்பகால சாட்சிகளில் அதுவும் ஒன்று. ஆனால் இப்போது ஆங்கிலம் பேசுகிறவர்களே பாதிப் பேர் 'புரியாத ஒரு வேடிக்கையைப் பார்த்துப் புன்னகைப்பது' என்றுதான் எழுதுகிறார்கள். அகராதிகளும் இறங்கி வந்துவிட்டன. நான் சண்டை போடமாட்டேன், அப்படி ஒரு முகபாவத்துக்குச் சொல் வேண்டும்தானே.

'நான்பிளஸ்டு' விஷயத்தில் மட்டும் சண்டை போடுவேன். 'நோன் பிளுஸ்', இதற்கு மேல் ஒன்றுமில்லை. வாதத்தில் மாட்டிக்கொண்டு மேற்கொண்டு சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்பது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அதுதான் அர்த்தம். அமெரிக்காவில் பலர் இதை நேர் எதிராக, 'அசராமல் இருந்தான்' என்று எழுதுகிறார்கள். ஒரு சொல் தனக்கே எதிரியாகிவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெயிலில் இந்தச் சொல் வந்தால் அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்பேன்.

ஜூன் 18, இரவு 10.15

யாராவது 'டிஸ்கம்பாபுலேட்' (தலைகால் புரியாமல் குழப்பிவிடுவது) கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். இன்றைக்கு வந்துவிட்டது.

அதற்கு வேரும் இல்லை, விழுதும் இல்லை. 1830-களில் அமெரிக்காவில் லத்தீன் மாதிரி ஒலிக்கிற சொற்களை விளையாட்டுக்குக் கட்டிவிடுகிற ஒரு மோகம் இருந்தது. ஓடிப்போவதற்கு 'அப்ஸ்குவாட்சுலேட்' என்றார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்ததுதான் இதுவும். வாய்க்குள் உருட்டிப் பார்த்தாலே அர்த்தம் வந்துவிடுகிறது, அதனால் பிழைத்துக்கொண்டது.

அந்த வகையறாவில் இன்னொரு சொல்லுக்கு நேர்ந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. 'சாக்டாலஜர்' என்றால் ஆளைச் சாய்க்கிற அடி. 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் ஃபோர்டு தியேட்டரில் லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வசனத்தில் இந்தச் சொல்லை வைத்துக் கட்டிய வசவு ஒன்று வரும், கொட்டகையே சிரிக்கும். ஜான் வில்க்ஸ் பூத் தானும் நடிகன் என்பதால் எந்த இடத்தில் சிரிப்பு வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில்தான் லிங்கனைச் சுட்டான்.

சரி, டிஸ்கம்பாபுலேட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் மில்வாக்கி நகர விமான நிலையத்தில் செக்யூரிட்டி தாண்டியதும் சில நாற்காலிகள், மேலே ஒரு பலகை: 'ரீகம்பாபுலேஷன் ஏரியா'. பெல்ட் மாட்டி, ஷூ போட்டு, லேப்டாப்பைப் பைக்குள் திணித்து, மறுபடி மனிதனாகிற இடம். 2008-இல் வைத்தது. அந்த வருடம் அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி அதை மிகவும் படைப்பூக்கமுள்ள சொல் என்று தேர்ந்தெடுத்தது. எந்த அதிகாரி அந்தப் பலகைக்குக் கையெழுத்துப் போட்டாரோ, அவர் கை நன்றாக இருக்கட்டும். இங்கே ஒரு பலகைக்கு டெண்டர் விட்டால் 'பயணிகள் உடைமைகளைச் சரிசெய்யும் பகுதி' என்றுதான் வரும்.

ஜூன் 19, காலை 9.30

லீவ் லெட்டரில் 'டிஸ்கம்பாபுலேட்டட்' என்று போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். மேனேஜர் அர்த்தம் தேட வேண்டி வரும், அந்தக் கடுப்பில் லீவும் போய்விடும். காய்ச்சல் என்று போடுங்கள்.